மூன்றாவது பொருள்

ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய சொற்சுரங்கம் அவர்களுக்கு, அவருடைய அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை, புத்தகத்தின் பின்னட்டையில் உன் படத்தைப் பார்த்துவிட்டேன். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவன் முட்டாள் என்று தெரிந்தும் பொறுத்துக்கொள்கிறவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறாய். சின்ன வயதில் பல்வலி வந்தால் இப்படித்தான் உட்காருவாய்.

உன் கடிதம் திங்கட்கிழமை அலுவலக முகவரிக்கு வந்தது. ஒன்பது வருடம் கழித்து கூடப்பிறந்தவளுக்கு எழுதும் கடிதத்தை "மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு" என்று தொடங்க உன்னால்தான் முடியும். மூன்று பக்கம், தட்டச்சு செய்தது. நான் நன்றாக இருக்கிறேனா என்பதற்கு ஒரு வரி. மிச்சமெல்லாம் உன் புத்தகம். இதற்கு முன்னால் வந்தது அப்பா இறந்தபோது நீ அனுப்பிய இரங்கல் கடிதம். அதில் சாவுக்கு ஆறு சொற்கள் போட்டிருந்தாய், ஆறும் வேறு வேறு. நான் எண்ணினேன், செய்கிற தொழில் அப்படி. "வருகிறேன்" என்ற ஒரு சொல்தான் அதில் இல்லை. நீ வரவும் இல்லை.

உன் அத்தானுக்கு முட்டிவலி. மாடிப்படி ஏறும்போது படிக்கு ஒரு வசவு விழுகிறது, கட்டின கொத்தனாரில் தொடங்கி கடைசிப் படியில் என்னிடம் வந்து முடிகிறது. சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கிறது. எனக்கு இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு. அலுவலகத்தில் புதிதாக ஒரு மேலாளர் வந்திருக்கிறார், அகராதியைச் செல்போனுக்குள் போடப்போகிறாராம். "மேடம், யாருமே தேடாத வார்த்தையெல்லாம் எதுக்கு வச்சிருக்கோம்?" என்று கேட்டார். யாருமே தேடாத மேலாளரை எதற்கு வைத்திருக்கிறோம் என்று நான் கேட்கவில்லை. கடைசி நாளன்று கேட்பதற்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். புத்தகத்தைப் படித்தேன். ஆங்கிலத்தில் செத்துப்போன பன்னிரண்டு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம். பதினொன்றை நீயே பாதித் தூக்கத்தில் எழுதியிருக்கிறாய், அதனால் நானும் அப்படியே படித்தேன். பன்னிரண்டாவதுதான் ஊரெல்லாம் பேசுகிற அத்தியாயம், உன்னைச் சொற்சுரங்கம் என்று மேடை மேடையாக ஏற்றியிருக்கும் அத்தியாயம். "க்ரோக்" என்ற ஒற்றைச் சொல்லுக்கு நாற்பது பக்கம். நம் ஆங்கிலம்-தமிழ் அகராதியில் அது ஏழு வரி.

முதல் பொருளை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறாய்: ஒருவர் சாப்பிடும்போது, நமக்கும் கொடுப்பாரா என்ற ஆசையில் வாயைத் திறக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருத்தல். மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் நாய் செய்வது. இரண்டாவதும் சரி: சந்தேகக் கண்ணோடு ஒருவரை விடாமல் கவனித்தல். ஆங்கிலம் பேசுகிறவர்களே மறந்துபோன சொல் அது. வடக்கே சில ஊர்களில் பேச்சில் இருந்தது, பழைய அகராதிகளில் ஓர் ஓரமாக இடம் கிடைத்தது, அவ்வளவுதான் அதற்கு வாழ்வு. இன்றைக்கும் அது புழக்கத்தில் இருக்கும் இடம் எங்கள் அலுவலகத்துச் சாப்பாட்டு அறையாகத்தான் இருக்கும். கணக்கர் டப்பாவைத் திறந்தால் எதிரில் இருப்பவரிடம் "க்ரோக் பண்ணாதீங்க, எடுத்துக்குங்க" என்பார். நீயும் பதினொரு மாதம் அங்கே சொல்லும் பொருளும் எழுதின அட்டைகளை அடுக்கினாயே, உன்னையும் அப்படிச் சொல்லியிருப்பார்கள். அதை எழுதியிருந்தால் நாற்பது பக்கத்தில் ஒரு பக்கமாவது உண்மையாக இருந்திருக்கும்.

ஆனால் உனக்கு மூன்றாவது பொருள்தான் வேண்டியிருக்கிறது. "தான் விட்டுப் போன வீட்டுக்கு எதிரே நின்று, உள்ளே இருப்பவர்கள் கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருத்தல்." அதற்கு மேற்கோளும் கொடுத்திருக்கிறாய்: "தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்வரை அவன் தெருவின் மறுபக்கம் நின்று க்ரோக் செய்துகொண்டிருந்தான், யாரும் அழைக்கவில்லை." ஆயிரத்து எழுநூற்று நாற்பத்து மூன்றாம் ஆண்டு, ஒரு பாதிரியாரின் நாட்குறிப்பு. அந்த நாட்குறிப்பை ஒரு பழைய நூலகத்தின் நிலவறையில் நீயே கண்டுபிடித்தாயாம். தோல் அட்டையாம். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு மூன்று நாள் புரட்டினாயாம். இரண்டாம் நாள் அந்த வரியைப் பார்த்ததும் நூலகரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாயாம். தண்ணீர் குடித்ததற்கே ஒரு பக்கம் போயிருக்கிறது.

இப்போது உன் புத்தகத்துக்கு விருது கொடுக்கப்போகிற குழு அந்த மூன்றாவது பொருளுக்கு ஆதாரம் கேட்கிறது. அது அச்சில் முதலில் வந்தது எங்கள் அகராதியின் இரண்டாம் பதிப்பில் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள், அந்த மட்டுக்குப் புத்திசாலிகள். "குழு உங்களிடம் கேட்கும், ஆமாம் சரிதான் என்று ஒரு வரி போதும்" என்று நீ எழுதியிருக்கிறாய். குழுவின் கடிதமும் நேற்று வந்துவிட்டது. இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் வேண்டுமாம். அட்டை விவகாரமெல்லாம் எனக்குத்தான் தெரியும் என்று மேலாளர் அதை என் மேஜையில் போட்டுவிட்டு, முதுகுவலி என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

தம்பி, நன்றாக உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள், நூலகர் யாரும் வரமாட்டார்.

அகராதி போடுகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. நாற்பது பேர் இருபது வருடம் உழைத்ததை எவனாவது ஒருவன் அப்படியே அள்ளி, அட்டையை மாற்றித் தன் பெயரில் விற்றுவிடுவான். சொல்லும் பொருளும் எல்லோருக்கும் பொது, எடுத்தான் என்று எப்படி நிரூபிப்பது? அதற்காக எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒவ்வொரு பதிப்பிலும் நாலைந்து இடத்தில், யாரும் எட்டிப் பார்க்காத சொற்களாகப் பார்த்து, இல்லாத ஒரு பொருளை நாங்களே எழுதிச் சேர்ப்போம். அதற்குப் பொய்யாக ஒரு மேற்கோளும் கொடுப்போம். "எலிப்பொறி" என்று பெயர். அந்தப் பொருள் வேறொருவன் புத்தகத்தில் தலைகாட்டினால் எலி மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். எந்தெந்தப் பொறி எங்கே இருக்கிறது என்பது பழைய ஆசிரியருக்கும் எழுதியவருக்கும் மட்டும் தெரியும். பட்டியல் முத்திரை வைத்த உறையில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். பதினொரு மாதம் அட்டை அடுக்கியவனிடம் இதைச் சொல்வார்களா?

இன்னொன்றும் கேள். பொய் மேற்கோளுக்கு ஆண்டு போடும்போது, எழுதியவரின் வேலை எண்ணைக் கடைசி இரண்டு இலக்கமாகப் போடுவோம், பின்னால் அடையாளம் தெரிவதற்காக. என் எண் நாற்பத்து மூன்று. நீ மேடையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு "ஆயிரத்து எழுநூற்று நாற்பத்து மூன்று" என்று உருகுகிறாயே, அது உன் அக்காவின் வருகைப் பதிவேட்டு எண். பாதிரியாரும் நான்தான். நிலவறை என்பது டயர் கடைக்கு மேலே இருக்கும் என் அறை, மின்விசிறி சுற்றினால் கடகடவென்று சத்தம் வரும்.

உலகத்திலேயே இந்தப் பொருள் முதலில் இருந்த இடம் நான் எழுதிய அட்டை. இரண்டாவது இடம் அகராதியின் அறுநூற்றுப் பதினோராம் பக்கம். மூன்றாவது இடம் உன் புத்தகம். இருபத்தொரு வருடத்தில் அந்தப் பொறியில் விழுந்த ஒரே எலி நீதான். ஊரில் எத்தனையோ திருடர்கள் இருக்க, என் வீட்டு எலியே வந்து மாட்டும் என்று நான் நினைக்கவில்லை.

முப்பத்து நான்கு வருடம் இந்த வேலை பார்த்திருக்கிறேன். தெரியாததைத் தெரியும் என்று ஒரு நாளும் எழுதியதில்லை, பொறியைத் தவிர. அந்த ஒரு வரியை உனக்காக நான் எழுதமாட்டேன். நீயே குழுவுக்கு எழுதி அத்தியாயத்தைத் திரும்பப் பெற்றுக்கொள். இருபதாம் தேதி வரை நான் வாயைத் திறக்கமாட்டேன். அதற்கு மேல் உன் பெயர் நாறினால் என்னைச் சொல்லாதே.

எல்லா நலமும் பெற்று, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு இரு.

இப்படிக்கு,
வேலை எண் நாற்பத்து மூன்று


பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை

தம்பிக்கு, அக்கா எழுதுவது.

உன் பதில் கிடைத்தது. இந்தத் தடவை கையால் எழுதியிருக்கிறாய். எழுத்து இன்னும் கோழி கிளறினது போலத்தான் இருக்கிறது. மேடையில் இதை யாரும் பார்ப்பதில்லை என்பது உன் அதிர்ஷ்டம்.

முதல் பக்கத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. எனக்கு வயதாகிவிட்டதாம், ஞாபகம் பிசகியிருக்குமாம், நான் பொய்யென்று நினைத்து எழுதியது தற்செயலாக உண்மையாகவும் இருக்கலாமாம், அந்த நாட்குறிப்பு எங்காவது கிடைத்தாலும் கிடைக்குமாம். கிடைக்கும், கிடைக்கும். என் மேஜை இழுப்பறையில், பசை டப்பாவுக்குப் பக்கத்தில் தேடிப் பார். இப்படி எழுதுவதற்குப் பேனாவுக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

இரண்டாம் பக்கத்தில்தான் முதல் தடவையாக "அக்கா" என்று எழுதியிருக்கிறாய். நூலகமும் இல்லை, கையுறையும் இல்லை என்று ஒத்துக்கொண்டாய். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வாடகை அறையில் நம் அகராதியைப் புரட்டும்போது கண்ணில் பட்டது, அவ்வளவுதான் என்கிறாய். அகராதியில் பார்த்தேன் என்று சொன்னால் யார் கைதட்டுவார்கள் என்று நினைத்து நிலவறைக்குள் இறங்கியிருக்கிறாய். இது எனக்கு ஆச்சரியமில்லை. எட்டு வயதில் பக்கத்து வீட்டுக் கொய்யாவைப் பறித்துவிட்டு, காட்டில் பறித்தேன் என்று சொன்ன ஆள்தானே நீ. நம் ஊரில் காடு எங்கே இருக்கிறது என்று அப்பா கேட்டதும் அழுதாய்.

ஆனால் அதற்குக் கீழே நீ எழுதியிருப்பதை நான் நாலு தடவை படித்தேன். "பொய் எழுதுகிறவங்களுக்கு இப்படி ஒரு அர்த்தம் தோணாது அக்கா. இது பட்டவன் எழுதினது. என்னால அத நிரூபிக்க முடியாது, ஆனா எனக்குத் தெரியும்." அப்புறம், இந்த ஒரு அத்தியாயம் போனால் சொந்தமாகச் சொல்லிக்கொள்ள உன்னிடம் எதுவும் இல்லை என்று முடித்திருக்கிறாய்.

படித்துவிட்டு எரிச்சலாகத்தான் வந்தது. எழுதிய எனக்குத் தெரியாதது திருடிய உனக்குத் தெரிந்துவிட்டதா என்று. உன் அத்தானிடம் காட்டினேன். அவர் சும்மா இருக்காமல் செல்போனில் உன் மேடைப் பேச்சைத் தேடி எடுத்தார். இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்தோம். மூன்றாவது பொருள் வரும் இடத்தில் நீ நிறுத்துகிறாய். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறாய். கையிலிருந்த தாளை மடித்து மடித்து எதற்கும் ஆகாத அளவுக்குச் சின்னதாக்குகிறாய். கூட்டம் கைதட்டுகிறது. நடிக்கிறான் பாருங்கள் என்றேன். அத்தான் செல்போனை நிறுத்தி வைத்தார். அப்புறம், "புத்தகத்துல இருக்கறது புளுகு. இது புளுகு இல்ல. இவன் எங்கயோ போய் நின்னிருக்கான்" என்றார். அவனுக்குப் பரிந்து பேசுகிறீர்களா என்று கத்தினேன். முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நீ நின்ற அந்த நாளைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அப்போது அவர் வெளியூர் வேலையில் இருந்தார், நான் இன்றுவரை சொன்னதில்லை.

உனக்குச் சொல்கிறேன். உனக்கும் பாதிதான் தெரியும்.

நீ வீட்டை விட்டுப் போனபோது உனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா தன் பட்டறைக்கு வந்த கார்க்காரர்களில் எவரெவர் காலையோ பிடித்து வாங்கிக் கொடுத்த வேலையை உதறிவிட்டு, "இந்த கிரீஸ் நாத்தத்துல மனுஷன் இருப்பானா" என்று கேட்டுவிட்டுப் போனாய். அப்பா, "போ. நானா கூப்பிட மாட்டேன்" என்றார். நீயும் கூப்பிடாமல் வரமாட்டேன் என்றாய். இரண்டு பேருக்கும் வாய் ஒரே அச்சு.

ஏழு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பாவுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் எதிரே, மூடியிருந்த தையல் கடையின் வாசலில் நீ நிற்கிறாய். நீலச் சட்டை, கையில் சணல் கட்டின ஒரு அட்டைப்பெட்டி. நெற்றி முன்னைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது. எங்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் பார்க்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். பார்த்தேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன், அப்பா ஒரு வார்த்தை சொன்னால் ஓடிப்போய்க் கூப்பிடலாம் என்று.

அப்பாவும் பார்த்துவிட்டார், தம்பி. இதுதான் உனக்குத் தெரியாத பாதி. தலையைத் தூக்காமல், "வெயில்ல நிக்கிறான்" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாய் எடுத்தார். அது கூப்பிடு என்பதா, நிற்கட்டும் என்பதா என்று எனக்குப் புரியவில்லை. நான் கூப்பிடட்டும் என்று அவர் காத்திருந்தார் என்பது இப்போது தெரிகிறது. அவர் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். நீ எங்களில் யாராவது வரட்டும் என்று காத்திருந்தாய். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பார்த்தேன். நீ இல்லை. பெட்டி மட்டும் தையல் கடைப் படியில் இருந்தது.

உள்ளே பழுப்பு நிற ஷூ. பட்டறையில் போடுகிற மாதிரி, முன்பக்கம் கெட்டியாக வைத்தது. அப்பாவின் அளவு உனக்கு எப்படி நினைவிருந்தது? அவர் செருப்பு வைக்கும் இடத்தில் அதை வைத்தேன். யார் வாங்கியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு போனார். அடி தேய்ந்ததும் அடி மாற்றினார், இரண்டு தடவை. கடைசிவரை வேறு ஷூ வாங்கவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் சாப்பிடும்போது நாற்காலியை ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வெளிச்சம் வேண்டும் என்று காரணம் சொன்னார்.

மறுநாள் திங்கட்கிழமை இரண்டாம் பதிப்புக்கு ஒரு பொறி எழுதச் சொன்னார்கள். "க்ரோக்" அட்டையை எடுத்தேன். உன்மேல் அவ்வளவு வெறுப்பு. இவ்வளவு தூரம் வந்தவனுக்கு ஆறடி ரோட்டைத் தாண்டத் திமிர் விடவில்லையே, நாய்கூடக் கிட்டே வந்து வாலாட்டுமே என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். பேனா கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதியது இப்போதும் அட்டையின் பின்பக்கம் தடவினால் தெரிகிறது.

ஆகவே நீ சொன்னது ஒன்று சரி. பட்டவன் எழுதியதில்லை, பட்டவனைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றவள் எழுதியது. அதைப் படித்து உலகத்தில் ஒருவன் தண்ணீர் குடித்தான் என்றால் அவன் நீயாகத்தான் இருக்க முடியும். இத்தனை பேருக்கு முன்னால் அழுதாயே, அது எந்த வீட்டு வாசல் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? அறிவாளி, எதிர் ஜன்னலில் தெரிந்த கரண்டிகூட உனக்கு நினைவு வரவில்லையா?

இதையெல்லாம் சொன்னதால் என் மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. குழுவுக்கு நான் பொய் எழுதமாட்டேன். உன்னிடம் இன்னும் மூன்று நாள் இருக்கிறது. எழுதுவது நீயா நானா என்பதுதான் மிச்சம். நீ எழுதினால் நன்றாக இருக்கும். அத்தான் முட்டிக்குத் தைலம் போட ஆரம்பித்திருக்கிறார், வீடே நாறுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்தப் பேச்சில் இளைத்துத் தெரிந்தாய்.

அக்கா


இருபத்தாறாம் தேதி, வியாழக்கிழமை

தம்பிக்கு,

இருபதாம் தேதி போய் இருபத்தைந்தும் வந்துவிட்டது. நீ எழுதவில்லை. தொலைபேசியில் இரண்டு தடவை கூப்பிட்டு, நான் எடுத்ததும் வைத்துவிட்டாய். அந்த மூச்சு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் தூங்குகிற மாதிரி நடிக்கும்போதும் உன் மூச்சு இப்படித்தான் தடதடக்கும்.

நேற்று நான் எழுதிவிட்டேன். எழுதுவதற்கு முன்னால் இரும்புப் பெட்டியைத் திறந்து முத்திரை உறையைப் பிரித்தேன், மேலாளர் சாட்சி. பொறிகளின் பட்டியலில் என் வரிக்குப் பக்கத்தில் பழைய ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "இது பொய்தானா?" அதற்குக் கீழே என் கையெழுத்தில் "ஆமாம், பொய்" என்று இருக்கிறது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நான் எழுதியது. எனக்கு நினைவே இல்லை. ஞாபகம் பிசகாது என்று போன கடிதம்வரை பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

குழுவுக்கு எழுதியதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ பெரிய வார்த்தைகளைத் தேடுவாய், இருக்காது. அந்தச் சொல்லுக்கு மூன்றாவது பொருள் ஆங்கிலத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அதையும் மேற்கோளையும் உருவாக்கியது நான், நூலாசிரியர் அகராதியை நம்பிவிட்டார், நம்பும்படி எழுதியது என் தவறு என்று எழுதியிருக்கிறேன். நிலவறையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அதைப் பற்றி அவர்கள் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது நீ. கையுறைக்கெல்லாம் அக்கா பொறுப்பாக முடியாது.

விருது போய்விடும். மேடையும் கொஞ்ச நாளைக்குப் போய்விடும். உன்னைச் சொற்சுரங்கம் என்று கூப்பிட்டவர்களே நாளைக்கு வேறு பெயர் வைப்பார்கள், அதில் அவர்களுக்குத் திறமை உண்டு. அந்தக் கூட்டத்தைப் பற்றி எனக்கு எப்போதும் மரியாதை இருந்ததில்லை. கைதட்டுகிறவனுக்கு எந்தப் பொருளாக இருந்தால் என்ன? உனக்கு வலிக்கும் என்று தெரியும். அதை நினைத்து நேற்று நான் சரியாகச் சாப்பிடவில்லை, அத்தானிடம் வயிறு சரியில்லை என்றேன்.

மேலாளர் ஒரு வேடிக்கை செய்தார். உன் புத்தகம் வந்ததிலிருந்து எங்கள் அகராதியில் எல்லோரும் தேடுவது இந்த ஒரு சொல்லைத்தானாம். "மேடம், பொய்யா இருந்தா என்ன, அப்படியே விட்டுடலாமே" என்று கேட்டார். யாருமே தேடாததற்காக வெட்டச் சொன்ன அதே வாய். கடைசி நாளுக்கு என்று எடுத்து வைத்திருந்ததை அப்போதே சொல்லிவிட்டேன். இனி கடைசி நாளன்று சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

அப்பாவின் ஷூ பரணில் இருக்கிறது. அவர் போனபோது நீ வந்தால் கொடுக்கலாம் என்று துடைத்து வைத்தேன். நீ ஆறு சொல்லை அனுப்பினாய். கோபத்தில் தூக்கிப் போடப் பார்த்தேன், அத்தான் விடவில்லை. அப்பாவுக்கு அப்புறம் அந்த ஜன்னல் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். முதல் கடிதத்தில் உன்னை எலி என்றேன், இரண்டாவதில் நாய் என்றேன். ஒன்பது வருடமாக ஒரு தெருவைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவளுக்கு என்ன பெயர் என்று நீயே சொல், சொல்லாராய்ச்சியாளன்.

மூன்றாவது பொருளை நேற்று மாலை அடித்துவிட்டேன். சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து, இரண்டு கோடு. இனிமேல் அப்படி நிற்பதற்கு எந்த மொழியிலும் சொல் கிடையாது. ஆகையால் வந்து நிற்காதே. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குச் சாப்பாடு. தையல் கடை இப்போது செல்போன் கடை ஆகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், அதன் படியில் நிற்க உனக்கு இடமும் கிடைக்காது. கதவு திறந்திருக்கும் என்று எழுதப்போனேன். உனக்கு அது போதாது என்று தெரியும். பன்னிரண்டரைக்கே நான் வாசலில் வந்து நின்றுவிடுவேன். நீ தெருமுனையில் தலை காட்டினதும் கூப்பிடுவேன், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, உன் சின்ன வயதுப் பெயரைச் சொல்லி. அந்த அவமானத்தைத் தாங்கிக்கொண்டு வா.

கூப்பிடுகிற,
அக்கா